அப்பாவின் சம்பளத் துண்டும் லேபர் டேயும்



போன லேபர் டே அன்று நான் வேலை செய்தேன். செப்டெம்பர் மாதத்து முதல் திங்கட்கிழமை. ரொறன்ரோவே லீவில் இருந்தது. அடுத்த நாள் பள்ளிக்கூடம் தொடங்குகிறது என்பதால் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு சிஎன்ஈ கண்காட்சியின் கடைசி நாளுக்குப் போய்விட்டா. நான் பேஸ்மென்டில் லப்டொப்புக்கு முன்னால் இருந்தேன்.

வேலை இதுதான்: ஒரு நிறுவனத்தின் பழைய சேர்வரில் இருந்த தரவுகள் எல்லாவற்றையும் புதிய இடத்துக்கு மாற்ற வேண்டும். நீண்ட வார இறுதியில் யாரும் அந்த மென்பொருளைத் தொடமாட்டார்கள். அதனால் எங்கள் துறையில் இப்படியான வேலைகளை விடுமுறை நாட்களில்தான் வைப்பார்கள். வாடிக்கையாளர் கேட்டார். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

காலை ஒன்பது மணிக்கு அப்பா ஃபோன் எடுத்தார்.

"என்ன தம்பி, இண்டைக்கு லீவெல்லோ?"

"வேலை இருக்கு அப்பா. வீட்டில இருந்துதான் செய்யிறன்."

"நல்லது. வேலை இருக்கிறது பெரிய விசயம். கடவுளுக்கு நன்றி சொல்லு."

உண்மையாகவே எனக்கு நன்றி உணர்வு இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் என் நிரந்தர வேலை போனது. பொறியியலில் மாஸ்டர்ஸ் பட்டம் சுவரில் தொங்கிக்கொண்டிருக்க, ஏழு மாதம் வேலை இல்லாமல் அதே பேஸ்மென்டில் இருந்தேன். அனுப்பிய விண்ணப்பங்களை எண்ணுவதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் சொந்தமாக ஒரு சின்ன கொம்பனி பதிந்து, ஆலோசகராக வேலை எடுக்கத் தொடங்கினேன். அந்த ஏழு மாதங்களை நினைத்தால், லீவு நாளில் வேலை செய்வது ஒரு குறையாகவே தெரியவில்லை.

தரவுகள் நகரத் தொடங்கின. முடிய மூன்று மணி நேரம் என்று திரை சொன்னது. பார்த்துக்கொண்டு இருப்பதைத் தவிர எனக்கு வேலை இல்லை. அப்போதுதான் ஒரு சின்னக் கேள்வி வந்தது. இன்றைக்கு ஏன் லீவு? இங்கே பிறந்து வளர்ந்தவன் நான். ஆனாலும் எனக்குப் பதில் தெரியாது. வாசிக்கத் தொடங்கினேன்.

ஒன்பது மணி நேரம் கேட்டவர்கள்

கதை தொடங்குவது 1872-இல், எங்கள் ரொறன்ரோவில்தான். அப்போது வாரத்தில் ஆறு நாள் வேலை. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்வது சாதாரணம். அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஹமில்ரன் நகரத் தொழிலாளர்கள் "ஒன்பது மணி நேரம் போதும்" என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். அது ரொறன்ரோவுக்கும் மொன்றியலுக்கும் பரவியது.

ரொறன்ரோவில் அச்சுத் தொழிலாளர்கள் முன்னுக்கு வந்தார்கள். பத்திரிகைக்கு எழுத்துக் கோர்க்கிறவர்கள் அவர்கள். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி, ஒரு பக்கத்தை உருவாக்குவார்கள். அவர்கள் கேட்டது வாரத்துக்கு 54 மணி நேரம். முதலாளிகள் மறுத்தார்கள். மார்ச் 25 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது.

எதிர்ப்பக்கத்தில் முன்னுக்கு நின்றவர் ஜோர்ஜ் பிரவுன். "குளோப்" பத்திரிகையின் உரிமையாளர். கனடா என்ற நாட்டை உருவாக்கியவர்களில் ஒருவர் என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவரை ஒரேயடியாகக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அடிமை முறைக்கு எதிராக, 1851-இல் உருவான கனடிய சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். ஆனால் தன் அச்சகத்தில் வேலை செய்கிறவர்கள் ஒன்றுசேர்ந்து நேரம் குறைக்கக் கேட்டதை அவரால் ஏற்க முடியவில்லை.

ஏப்ரல் 15 அன்று சுமார் 2,000 தொழிலாளர்கள் ஊர்வலமாகப் புறப்பட்டார்கள். குயின்ஸ் பார்க்குக்குப் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் 10,000 ஆகியிருந்தது. 1871 கணக்கெடுப்பின்படி நகரத்தில் இருந்த எல்லோருமே சேர்ந்து சுமார் 56,000 பேர்தான். ஆறில் ஒருவர் அங்கே நின்றிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாளே வேலைநிறுத்தக் குழுவின் தலைவர்களைப் பொலிஸ் கைது செய்தது. குற்றம் என்ன தெரியுமா? சதி. பழைய ஆங்கிலச் சட்டத்தின்படி, சம்பளத்தையோ நேரத்தையோ மாற்றத் தொழிலாளர்கள் ஒன்றுசேர்வதே சதி. பிரித்தானியா 1871-இலேயே அந்தச் சட்டத்தை மாற்றிவிட்டது. கனடா மாற்றவில்லை. அந்த இடைவெளியைப் பிரவுன் பயன்படுத்தினார்.

அப்போது பிரதமர் ஜோன் ஏ. மக்டொனால்ட். அவரும் பிரவுனும் நெடுநாள் அரசியல் எதிரிகள். தொழிலாளர் பக்கம் நிற்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று மக்டொனால்ட் கண்டுகொண்டார். அந்த ஆண்டு ஜூன் மாதமே தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. சங்கம் வைப்பது இனிமேல் சதி ஆகாது. ஆனால் அதே நேரத்தில் வந்த இன்னொரு சட்டம், வேலைநிறுத்தத்தின்போது வாசலில் நின்று மறிப்பவர்களுக்குக் கடும் தண்டனை வைத்தது. ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடித்துக்கொண்டார்கள்.

அச்சுத் தொழிலாளர்களுக்கு 54 மணி நேரம் கிடைத்தது. ஆனால் வேலைநிறுத்தம் செய்தவர்களில் பலருக்குப் பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. நகரத்தை விட்டே போனவர்களும் உண்டு. அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருடமும் தொழிலாளர் ஊர்வலங்கள் நடந்தன. 1889-இல் ஓர் அரச ஆணைக்குழு தொழிலாளர்களுக்கு ஒரு விடுமுறை நாள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1894-இல், ஜோன் தொம்சன் பிரதமராக இருந்தபோது, செப்டெம்பர் முதல் திங்கள் சட்டப்படி லேபர் டே ஆனது. 1872-இல் ஊர்வலம் போனவர்கள் 22 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

மே மாதம் எங்கே போனது?

இதை அப்பாவுக்குச் சொன்னால் அவர் முதலில் கேட்பது, "அப்ப மே தினம்?" என்பதாகத்தான் இருக்கும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த அவருக்குத் தொழிலாளர் நாள் என்றால் மே முதலாம் திகதி, சிவப்புக் கொடி, ஊர்வலம். உங்கள் வீட்டிலும் பெரியவர்களுக்கு அப்படித்தான் இருக்கும்.

மே தினம் பிறந்ததும் இந்தக் கண்டத்தில்தான். 1886 மே மாதம் அமெரிக்கத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். சிக்காகோவில் ஹேமார்க்கெட் என்ற இடத்தில் நடந்த கூட்டத்தில் குண்டு வெடித்தது. பொலிஸ் சுட்டது. இரண்டு பக்கத்திலும் உயிர்கள் போயின. பிறகு நான்கு பேரைத் தூக்கில் போட்டார்கள். 1889-இல் பாரிஸில் கூடிய சர்வதேச சோசலிச மாநாடு மே முதலாம் நாளை உலகத் தொழிலாளர் நாளாக அறிவித்தது. அமெரிக்காவும் கனடாவும் செப்டெம்பரையே வைத்துக்கொண்டன.

அந்த மே தினம் தமிழுக்கு வந்தது 1923-இல். இந்தியாவிலேயே முதல் மே தினக் கூட்டத்தைச் சென்னைக் கடற்கரையில் நடத்தியவர் சிங்காரவேலர். இன்றைக்கு மெரினாவுக்குப் போனால் உழைப்பாளர் சிலையைப் பார்க்கலாம். நாலு பேர் சேர்ந்து ஒரு பாறையை நெம்புகிற சிலை. அது 1959-இல் வைத்தது.

ரொறன்ரோவின் சதி வழக்கைப் போலவே ஒன்று சென்னையிலும் நடந்திருக்கிறது. 1918-இல் பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நடத்தத் தொடங்கினார்கள். பெரம்பூரில் இருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் சங்கம் அது. அவர்களுடைய முதல் குறைகளில் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் போதாது என்பது. 1920-21 போராட்டத்தின்போது ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர்கள் மேல் வழக்குப் போட்டது. நீதிமன்றம் அவர்களுக்குத் தடை விதித்தது. சங்கம் நடத்துகிறவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கை அங்கிருந்துதான் வலுத்தது. இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் 1926-இல் வந்தது.

எழுத்துக் கோர்த்தவர்கள் ஒரு மணி நேரம் கேட்டார்கள். நூல் நூற்றவர்கள் சாப்பிடக் கொஞ்ச நேரம் கேட்டார்கள். இரண்டு ஊரிலும் பதில் ஒன்றுதான்: நீதிமன்றத்துக்கு வா.

வேலை இல்லாதவர்களின் ஜூலை முதலாம் திகதி

என்னுடைய ஏழு மாதத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக் கடனைக் கட்டியதில் பெரும் பங்கு ஈஐ பணத்துக்கு உண்டு. வேலை போனவர்களுக்கு வருகிற காப்புறுதி. அதுவும் சும்மா வந்ததில்லை.

1930-களின் பொருளாதார வீழ்ச்சியில், வேலை இல்லாத தனி ஆண்களைக் கனடிய அரசு தொலைதூர முகாம்களில் வைத்தது. சாப்பாடு, படுக்கை, நாளுக்கு 20 சதம். காடு வெட்டுவதும் தெரு போடுவதும் வேலை. 1935 ஜூன் மாதம், மேற்குக் கரை முகாம்களை விட்டு வெளியேறியவர்கள் வன்கூவரில் சரக்கு ரயில்களின் கூரையில் ஏறி, பிரதமரைப் பார்க்க ஒட்டாவா நோக்கிப் புறப்பட்டார்கள். வழிவழியே ஆட்கள் சேர்ந்தார்கள். ரெஜைனாவில் அரசு அவர்களை மறித்தது. ஜூலை முதலாம் திகதி, நாட்டின் பிறந்த நாள் விடுமுறை அன்று, அவர்கள் கூட்டம் போட்டிருந்தபோது பொலிஸ் உள்ளே புகுந்தது. கலவரத்தில் ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். ஊர்வலக்காரர் ஒருவரும் காயத்தால் பிறகு இறந்தார்.

ஒட்டாவாவுக்கு அவர்கள் ஊர்வலமாகப் போய்ச் சேரவில்லை. ஆனால் அந்தப் பிரதமர் அதே ஆண்டு தேர்தலில் தோற்றார். அடுத்த ஆண்டு முகாம்கள் மூடப்பட்டன. 1940-இல் வேலையின்மைக் காப்புறுதிச் சட்டம் வந்தது. 1996-இல் அதன் பெயரை மாற்றினார்கள். அதுதான் நாங்கள் சொல்கிற ஈஐ.

பிஸ்கட் டின்

திரையில் இன்னும் ஒன்றரை மணி நேரம் பாக்கி. நான் ஒன்ராறியோவின் இன்றைய சட்டத்தைப் பார்த்தேன். வருடத்துக்கு ஒன்பது பொது விடுமுறைகள். பொதுவாக, வேலை செய்யாவிட்டாலும் அன்றைக்குச் சம்பளம் உண்டு. சம்மதித்து வேலை செய்தால் ஒன்றரை மடங்கும், அதற்கு மேல் அந்த விடுமுறைச் சம்பளமும். இந்த ஒன்றரை மடங்கு விதி 1990-களிலும் இருந்தது.

அப்போது என் கண் அலுமாரிக்கு மேல் இருந்த பிஸ்கட் டின்னில் பட்டது. அப்பாவின் பழைய பேப்பர்கள். ஓய்வூதிய வேலைக்காக ஸ்கான் பண்ண எடுத்து வந்து, திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தேன். அப்பா எதையும் எறியமாட்டார். 1987-இல் வந்த நாளில் இருந்து எல்லாச் சம்பளத் துண்டும் அதில் இருக்கிறது. முதலில் கோப்பை கழுவிய உணவகம், பிறகு பிளாஸ்டிக் சாமான் செய்கிற ஒரு பெக்டரி.

1995 செப்டெம்பர் துண்டைத் தேடி எடுத்தேன். ஏன் அந்த வருடம்? அந்த லேபர் டேக்கு அடுத்த நாள் நான் முதலாம் வகுப்புக்குப் போனேன். முதல் நாள் இரவு அப்பா வேலை முடிந்து வரும்போது எனக்கு நீல நிறப் புத்தகப் பை கொண்டுவந்தது ஞாபகம் இருக்கிறது. அதனால் அன்றைக்கு அவர் வேலைக்குப் போனது எனக்கு நிச்சயம்.

துண்டில் இருந்தது: இரண்டு வாரம், 80 மணி நேரம், மணிக்கு 6.85 டொலர். மொத்தம் 548 டொலர். 6.85 என்பது அந்தக் காலத்துக் குறைந்தபட்சச் சம்பளம். லேபர் டேக்கு என்று தனியாக ஒரு வரியும் இல்லை. எட்டு மணி நேர வேலைக்கு 54.80 டொலர் கொடுத்திருக்கிறார்கள். சட்டப்படி வந்திருக்க வேண்டியது 137 டொலர். 82 டொலர் 20 சதம் குறைவு. அந்தப் பையின் விலையைவிடப் பல மடங்கு.

அப்பாவுக்கு ஃபோன் எடுத்தேன். பாவம், தெரியாமல் ஏமாந்திருக்கிறார் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"பக்கத்து மிசினில நிண்டவர் சொன்னவர், டபிள் காசு வரவேணும் எண்டு. ஆனா அப்ப அப்பம்மாவ ஸ்பொன்சர் பண்ணியிருந்த நேரம். வேலைக் கடிதம் வேணும். 82 டொலர் கேட்கப் போய், அவன் நாளைக்கு வராத எண்டு சொன்னா?"

நான் ஒன்றும் பேசவில்லை.

"வேலை இருந்தது தம்பி. அது போதும் எண்டு நினைச்சனான்."

அப்பம்மா 1997-இல் வந்தா. எனக்குத் தமிழ் எழுதப் படிப்பித்தது அவதான். இந்தக் கட்டுரையை நான் தமிழில் எழுத முடிவதற்கு அந்த வேலைக் கடிதமும் ஒரு காரணம். அதனால் அப்பா கேட்காமல் விட்டது பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சின்ன வயதில் இருந்து அவர் "நன்றி" என்று சொன்னதில் எவ்வளவு நன்றி, எவ்வளவு பயம் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

பிறகு என்னைப் பற்றி யோசித்தேன். என்னைப் போன்ற கணினித் தொழில்நுட்ப ஆட்களுக்கு ஒன்ராறியோவில் ஓவர்டைம் விதிகள் பொருந்தாது. 2023 தொடக்கத்தில் இருந்து, சொந்தக் கொம்பனி மூலம் வேலை செய்து, மணிக்கு 60 டொலரோ அதற்கு மேலோ வாங்குகிற ஆலோசகர்களை, வேறு சில நிபந்தனைகளும் பொருந்தினால், அந்த வேலைத்தரச் சட்டமே மூடுவதில்லை. லேபர் டே அன்று வேலை செய்வதற்கு எனக்குச் சட்டம் ஒரு சதமும் கூடத் தராது. நான்தான் கேட்க வேண்டும். நான் கேட்டேனா? இல்லை. அப்பாவுக்காவது காரணம் இருந்தது. எனக்கு ஸ்பொன்சரும் இல்லை, ஒரு கடிதமும் தேவையில்லை. அந்த ஏழு மாதம் மட்டும்தான் மனதில் இருந்தது. அதற்கே வாயைத் திறக்காமல் ஓம் என்றேன்.

மூன்று மணி நேரம் என்று சொன்னது நான்கரை மணி நேரம் எடுத்தது. தரவுகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. பில் எழுதும்போது சாதாரண நாள் கணக்கில்தான் எழுதினேன், ஏனென்றால் அப்படித்தான் ஒப்புக்கொண்டிருந்தேன். ஆனால் அடுத்த ஒப்பந்தத்துக்கு அனுப்பிய கடிதத்தில் ஒரு வரி சேர்த்தேன்: பொது விடுமுறைகளில் வேலை என்றால் ஒன்றரை மடங்கு. அனுப்புகிற பட்டனை அழுத்த முதல் கை கொஞ்சம் தயங்கியது. இதை எழுதும்வரை பதில் வரவில்லை.

வேலை கிடைத்ததற்கு நன்றியாக இருங்கள். நானும் இருக்கிறேன். ஆனால் அந்த நன்றியில் ஒரு பங்கு, வேலை இழந்து ஊரை விட்டுப் போன அந்த அச்சுத் தொழிலாளர்களுக்கும் சேர வேண்டும். அவர்கள் வேலையை மதிக்காதவர்கள் இல்லை. வேலை வேண்டும் என்பதோடு, வீட்டுக்குப் போக ஒரு மணி நேரமும் வேண்டும் என்று வாய் திறந்து கேட்டவர்கள்.

உங்களில் பலர் கோப்பிக் கடையிலோ மோலிலோ முதல் வேலை செய்துகொண்டிருப்பீர்கள். பகுதிநேரம் என்றாலும் பொது விடுமுறைச் சம்பளம் உங்களுக்கும் உண்டு. ஒன்ராறியோ என்றால், விடுமுறை வந்த வாரத்துக்கு முந்திய நான்கு வாரங்களின் சாதாரணச் சம்பளத்தையும், அந்த வாரங்களுக்குரிய வெக்கேஷன் பே இருந்தால் அதையும் கூட்டி 20-ஆல் பிரியுங்கள். அதுதான் அந்த ஒரு நாள் சம்பளம். விடுமுறைக்கு முந்திய உங்கள் வேலை நாளையும் பிந்திய வேலை நாளையும் காரணம் இல்லாமல் தவறவிட வேண்டாம். விட்டால் அது கிடைக்காது. வேறு மாகாணத்திலோ வேறு நாட்டிலோ இருந்தால் விதி வேறாக இருக்கும், தேடிப் பாருங்கள். அடுத்த லீவு முடிந்து சம்பளத் துண்டு வந்ததும், மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். அம்மா அப்பாவிடம் கேட்டு ஒருநாள் அதைத் திறந்து பாருங்கள். பக்கத்தில் இருந்து அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். எங்கள் அப்பாவின் டின்னை இன்னும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை. 1995-ஐத்தான் பார்த்திருக்கிறேன். இன்னும் நிறைய வருடங்கள் இருக்கின்றன.